ஐந்து துளை, ஒரு நாள் பிசகு

ஏஜாக்ஸ் என்பது நான் குடியிருக்கும் ஊர்.
பக்கத்தைப் புரட்டாமலே
பக்கத்துக்குள் செய்தி கொண்டுவரும்
வலை வித்தை ஒன்றுக்கும் அதே பெயர் என்று
முதல் வகுப்பில் தெரிந்தபோது
நான் ஒருவன் மட்டும் சிரித்தேன்.
மற்றவர்கள் வான்கூவரிலும் ஹாலிஃபாக்ஸிலும்
சின்னச் சின்னச் சதுரங்களுக்குள் இருந்தார்கள்.

பகலில் ஹார்வுட் அவென்யூவில்
யோகச்சந்திரன் அண்ணனின் டயர் கடை.
இரவில் மடிக்கணினி,
நகக்கண்ணில் இன்னும் போகாத கரியோடு.

ரிம் வாங்க வருகிறவர்களிடம் சொல்வேன்:
பளபளப்பை விடுங்கள், துளையை எண்ணுங்கள்.
ஐந்து துளை வண்டிக்கு ஐந்து துளை ரிம்.
இடைவெளி ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும்
நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கும்.
கம்போனன்ட்டும் அப்படித்தான் என்று நினைத்தேன்.
யாரோ செய்தது, எங்கோ செய்தது,
துளை பொருந்தினால் நம்முடையது.

அக்டோபர் கடைசி.
பனிக்கால டயர் மாற்ற நாள் கேட்டுத்
தொலைபேசி ஓயவில்லை.
"தம்பி, நீ படிக்கிற படிப்பில
இதுக்கொரு வழி இல்லையோ?"

நாட்காட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன்.
எழுதியவர் க்வாபெனா, ஊர் அக்ரா.
ஒரு வரி ஆணைதான் கொடுத்தேன்.
ஒருவரை அழைத்த கல்யாணத்துக்கு
வேன் பிடித்து வந்ததுபோல
நூற்றுப்பன்னிரண்டு பொட்டலங்கள் வந்து இறங்கின.

முதல் இரவு வெறும் வெள்ளைத் திரை.
இரண்டாம் இரவு நாட்காட்டி தெரிந்தது,
விலைப்பட்டியலின் தலைமேல் ஏறி உட்கார்ந்தபடி.
மூன்றாம் இரவு
அது என்னிடம் கேட்பது என்ன, தருவது என்ன என்று
அடிக்குறிப்புவரை படித்தேன். சோறு ஆறிப்போயிற்று.
மாதங்களை அது சுழியத்தில் தொடங்குகிறது.
ஜனவரி சுழியம், நவம்பர் பத்து.
சரி, உன் வீட்டு வழக்கம் அது.
உள்ளே கைவிட்டுத் திருத்தாமல்
வாசலில் ஒன்றைக் கூட்டி அனுப்பினேன்.

நவம்பர் பதின்மூன்று, திங்கள்.
பட்டியலில் பதினொரு பெயர்.
ஜாக்கிகளைத் துடைத்து வைத்திருந்தோம்.
மதியம்வரை ஈ காக்கை இல்லை.
"பதினொரு பேர் எண்டு கிடக்கு,
ஒரு காரையும் காணேல்ல."
அண்ணன் தேநீரை என் பக்கம் தள்ளினார்.
திட்டியிருக்கலாம்.

செவ்வாய் விடியலில் முதல் பனி.
எட்டு மணிக்குள் பதினொரு கார்களும்
பேருந்து நிறுத்தம்வரை வரிசை.
பட்டியலிலோ புதன்கிழமைக்காரர்களின் பெயர்கள்.
திருமதி மெக்கல்லம் கண்ணாடியை இறக்கிக்
கைபேசியை நீட்டினார்:
தான் தொட்டது பதினான்கு என்று.
பதினான்குதான்.

அன்றிரவு பிடிபட்டது.
நாளைக் கேட்டால் நாட்காட்டி
நள்ளிரவையும் சேர்த்தே தருகிறது,
அக்ராவின் நள்ளிரவை.
அங்கே கடிகாரம் உலகக் கணக்கோடு ஒட்டி நிற்கும்,
கோடையிலும் நகராது.
க்வாபெனாவுக்கு ஒருநாளும் பிசகியிருக்காது.
அந்த நொடியில் இங்கே
முந்தின நாள் மாலை ஏழு,
நான் கடையைப் பூட்டும் நேரம்.
துளை ஐந்தும் பொருந்தித்தான் இருந்தன.

ஒரு வரி போதுமாயிருந்தது:
மணியை வெட்டு, நாளை மட்டும் எடு.
அதன் மேல் தமிழில் குறிப்பு எழுதிவைத்தேன்,
'செவ்வாய், பதினொரு கார்' என்று.
வேறு யாருக்கும் புரியவேண்டியதில்லை.

க்வாபெனாவுக்கும் அனுப்பினேன்.
'என்னிடம் சரியாகத்தானே வருகிறது' என்று பதில்.
ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று:
'கணினியை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன்.
மன்னிக்கவும்.
பனியில் டயர் எதற்கு மாற்றுகிறீர்கள்?'

புது டயரோடு போகும் எவருக்கும் சொல்வோம்,
நூறு கிலோமீட்டர் ஓடியதும் வாருங்கள்,
நட்டை மறுபடி முறுக்கவேண்டும் என்று.
திருமதி மெக்கல்லத்துக்கு நானே நாள் குறித்தேன்.
பதினெட்டைத் தொட்டேன்.
எழுந்துபோய் அண்ணனின் திரையில் பார்த்தேன்.
பதினெட்டு.