ஈயக் காரை

பகலெல்லாம் அடுத்தவர் வாயில் குனிந்திருப்பவள் நான்.
கலுமெட்டின் பாதிப் பற்கள் எனக்கு மனப்பாடம்:
யார் சர்க்கரைக் கட்டியைக் கடித்தபடி காபி குடிப்பவர்,
யார் பல்லிடுக்கில் நூல் ஓட்டியதாகப் பொய் சொல்பவர்.

வியாழன் இரவுகளில் மட்டும்
பழைய சுரங்கச் சங்கத்தின் நிலவறையில்
காதை அடைத்துக்கொண்டு நிற்பேன்.
மேலே, சுப்பீரியர் ஏரி அனுப்பிய பனி சன்னல்வரை.
கீழே ஆறு பேர், ஆறு தாள் இலக்குகள்,
பென்சிலை நக்கி நக்கி மதிப்பெண் எழுத
ரெய்னோ பெல்க்கோலா.

ரிவால்வர் ஏலத்தில் வந்தது.
செத்துப்போன வங்கிக் காவலாளி ஒருவரின்
பனிவாரி, இரண்டு அரம், இது.
இருநூற்றுப் பத்து டாலர்.
என்னைவிட ஏழு வயது மூத்தது.
உறை உரசிய இடமெல்லாம் நீலம் போய் வெள்ளை தெரிந்தது.
சக்கரம் மட்டும் இன்னும்
சொடக்குப் போட்டதுபோல் வந்து நிற்கும்.

சுட்டால், கோழிக்குத் தானியம் இறைத்த மாதிரி.
ஒன்று மேலே, ஒன்று தாளின் ஓரத்தில்,
ஒன்று பக்கவாட்டில் புகுந்து
சாவித்துவாரம்போல் ஓட்டை போட்டிருக்கும்.

கண்ணைச் சந்தேகித்தேன். புதுக் கண்ணாடி.
கையைச் சந்தேகித்தேன். இரண்டு மாதம் ரப்பர் பந்து அழுத்தினேன்.
தோட்டாவை மாற்றினேன், கைப்பிடியை மாற்றினேன்,
காபியைக்கூட விட்டேன், ஒரு வாரம்.
“வித்துடு சைமா” என்றார் ரெய்னோ.
“குழல் செத்துப்போச்சு.”

ஒரு ஞாயிறு,
காலிதானா என்று மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு
வேலைக்கு வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியையும் விளக்கையும்
அதன் தொண்டையருகே பிடித்தேன்.
சிரிப்பு வந்துவிட்டது.

இருபது வருஷமாக நான் சுரண்டுவது இதைத்தானே!
ஈறோரத்துக் காரைபோல
குழல் தொடங்கும் இடத்தில் சாம்பலாய்க் கெட்டித்த ஈயம்.
புரிகளைக் காணோம். பள்ளமும் மேடும் ஒன்றாகிக் கிடந்தன.
போகிற ஒவ்வொரு குண்டும்
தன்னில் கொஞ்சத்தைத் தடவிவிட்டுப் போயிருக்கிறது.
சுழற்றி அனுப்பவேண்டிய குழல்
வழுக்கி அனுப்பியிருக்கிறது.

பல்லுக்கு எடுக்கும் எஃகுக் கொக்கியை இதற்கு எடுக்கவில்லை.
செம்பு வேண்டும்.
செம்புக்காகவே குடையப்பட்ட ஊர் இது.
கடையில் வாங்கிய செம்பு நாரில் காந்தத்தை வைத்தேன்:
ஒட்டியது. மேலே பூச்சு, உள்ளே இரும்பு.
அடுத்த கடையிலும் அப்படியே.
பாலம் தாண்டி மூன்றாவது கடையில்தான்
காந்தம் பேசாமல் கீழே விழுந்தது.

ஓர் இரவு எண்ணெயில் ஊறல்.
கையுறை, முகமூடி, திறந்த சன்னல்,
மேசைமேல் வந்து உட்கார்ந்த பனித்துகள்.
பின்வாசல் இல்லாத குழல்; முன்வாயால்தான் போகவேண்டும்,
விளிம்பில் கோல் உரசாமல்.
“இன்னும் கொஞ்சம்தான், அகலத் திறங்க” என்றேன்,
பழக்கதோஷம்.
செதில் செதிலாக வந்தது. சில ஊசி நீளத்துக்குச் சுருளாக.
துணி கறுப்பாகத் திரும்பியது, பிறகு சாம்பலாக,
மறுபடி கறுப்பாக.
நான்காம் இரவு விளக்கைப் பிடித்தபோது
ஐந்து புரிகள், வலமாகத் திரும்பி,
நேற்று வெட்டியவைபோல.

வியாழன். ஆறு குண்டு.
காபிக் கோப்பையின் வாய்க்குள் ஆறும் அடங்கின.
ஆனால் கோப்பை இருந்த இடம்
நடுப்புள்ளிக்கு இடப்புறம், இரண்டு அங்குலம், சற்றுக் கீழே.

ரெய்னோ நெடுநேரம் தாளைப் பார்த்தார். பென்சிலை நக்கவில்லை.
“துப்பாக்கி சரியாயிடுச்சு” என்றார்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.
அழுக்கு இருந்தவரை
என் பிழைக்கு ஒரு கூட்டாளி இருந்தது.

வெள்ளி காலை எட்டரைக்கு
நூல் ஓட்டாத திருவாளர் கெஸ்டிலா.
கொக்கியை வைத்தேன்.
முதல்முறையாக என் வலது ஆட்காட்டி விரலைக் கவனித்தேன்:
கடைசிக் கணத்தில், தேவையே இல்லாமல்,
கொஞ்சம் இழுத்து அமுக்குகிறது.

எத்தனை ஈறுகளோ, இத்தனை வருஷம்,
வாய் திறந்திருந்தும் சொல்லாமல் இருந்தவை.