முதலில் வராத எழுத்து

சீட்டுக் குலுக்கிப் போட்டதில்
பர்ஸானாவுக்கு அ விழுந்தது.
ழ கிடைத்தவன் அன்றிரவே விருந்து வைத்தான்.
எனக்கு ட.

ஆளுக்கு ஓர் எழுத்து, ஒரு சுருள் பிலிம்,
கறுப்பு வெள்ளை மட்டும்.
எழுதிவைத்த பலகை செல்லாது,
பார்த்த இடத்தில் எழுத்து தானாக நிற்கவேண்டும்.
இவ்வளவுதான் விதி.

வெள்ளவத்தையில் கதவு நிலை, கட்டில் கால்,
பாதி பிடுங்கிய வேலி.
ட எங்கும் கிடக்கிறது,
கிடப்பதாலேயே சுவையில்லை.
பிறகு ஒருநாள் ஹட்டன் பஸ் நிலையத்தில்
பெயர்களைப் படித்தேன்:
டிக்கோயா. டெவன். டயகம.

சொல்லுக்கு முதலில் ட வராது என்று
ஏழாம் ஆண்டில் பிரம்போடு சொல்லித்தந்தார்கள்.
இங்கே கொண்டக்டர் மூச்சுவிடாமல் கூவுகிறார்
டயகம டயகம டயகம
ஏறிக்கொண்டேன்.

முதல் படம் ஸ்டோருக்குப் பக்கத்து இரும்புப் படி.
இரண்டாவது, மூன்றாவது வெறும் பனி.
வில்லையைத் துடைத்துத் துடைத்துக்
கைலேஞ்சி நனைந்ததுதான் மிச்சம்.
எல்லோரும் பச்சை என்று சொல்லும் மலை
என் பெட்டிக்குள் சாம்பல்.
சாம்பலில்தான் எத்தனை:
கொழுந்துக்கு ஒன்று, முற்றிய இலைக்கு ஒன்று,
இடுப்பில் கட்டிய படங்கின் ஈரத்துக்கு
ஏறக்குறையக் கறுப்பு.

நிறுக்கும் கொட்டிலில்
கம்பமும் குறுக்குச் சட்டமும்
ட போலத்தான் நின்றன.
குனிந்து கோணம் பார்க்கையில்
யோகேஸ்வரி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:
"இன்னைக்கி அரைப்பேருதான்."
யாருடைய பேரில் பாதி என்று கேட்டேன்.
கூடைகள் குலுங்கச் சிரித்தார்கள்.
நாட்கூலிக்கு இங்கே பேர் என்று பேராம்.
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்தால்
எட்டவேண்டியது எட்டாது,
பேர் பாதியாகிவிடும்.
அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.

"மேக்கணக்குல மண்ணு சரிஞ்ச லயம் இருக்கு.
படம் பிடிக்க வாரவங்க எல்லாம்
அங்கதான் போவாங்க."

போனேன். நானும் எல்லாரும்தானே.

கூரை இல்லை. எதிர்ச்சுவர் இல்லை.
நிமிர்ந்தபடி ஒரு சுவர்,
அதன் காலடியிலிருந்து வலப்புறம்
நீட்டிப் படுத்த சிமெந்துத் தரை.
அச்சில் வார்த்ததுபோல ட.
சுவரில் கலண்டர் ஆணி.
தரையில் அடுப்பிருந்த கறுப்பு.
நாலரை மணி வெளிச்சம் பக்கவாட்டில் விழ
மனம் துள்ளியது.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.
துள்ளியது.

"செவுத்துல சாயாதீங்க."
வெள்ளைச் சீருடை, முழங்காலில் சேறு,
யோகேஸ்வரியின் மகளாம்.
என்ன எடுக்கிறீங்க என்றாள்.
ட எடுக்கிறேன் என்றேன்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.
அவள் சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்,
தலையை ஒருபக்கம் சாய்த்து
மறுபடி பார்த்தாள்.

"டவ மட்டும் வச்சி என்னா செய்யிறது?
எம்பேரு டிலுக்ஷிகா."

தரையின் வலது முனைக்கு ஓடினாள்.
அதற்கப்பால் சரிவு.
நான் வாயெடுப்பதற்குள்
குதிகாலை ஊன்றி
இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்து
சுவர்ப் பக்கமாக வில்லாய் வளைந்து நின்றாள்.
"சுருக்கா எடுங்க, இடுப்பு நோவுது."

அமுக்கினேன்.

பர்ஸானா வீட்டுக் குளியலறைதான் இருட்டறை.
சிவப்பு வெளிச்சத்தில், தட்டில் மிதந்த தாளில்
கறுப்புதான் முதலில் எழும்:
அடுப்பிருந்த இடம்,
பிறகு அவள் பின்னல்கள்,
வெகுநேரம் கழித்துச் சுவர்.
சீருடை கடைசிவரை வெறும் தாள்.

"உனக்கு ட தானே," என்றாள் பர்ஸானா,
"இது டி ஆச்சே. செல்லாது."

செல்லாதுதான் என்றேன்.
கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து
காலையில் அதன் முதுகில்
பென்சிலால், அழுத்தாமல்,
முழுப் பேரும் எழுதினேன்.