கதியால் அரக்குதல்

நுணுக்குக்காட்டியின் அடியில்
அருமைத்துரையின் சுவாசப்பையிலிருந்து ஒரு துண்டு.
ஏழு கரு, எட்டு, இன்னும் ஒன்று,
எல்லாம் ஒரே வளவுக்குள்.
நடுவில் வேலி நின்ற தடங்கூட இல்லை.

மட்டுவில் வயலில், மாரிச் சேற்றில்
வெடித்த காலோடு நின்ற மனிசன்.
மண்ணில் கிடந்தது உள்ளே வந்தபோது
கலம் தானே வாய் திறந்து விழுங்கியது,
செரித்துவிடலாமென்று ஒரு பையில் கட்டியது.
பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது அது.

பிறகுதான் கெட்டித்தனம்.
கலத்தைத் தாங்கிய இழைகளையே பிடுங்கித்
தனக்கு வால் திரித்து
அடுத்த வீட்டுச் சுவரில் போய் முட்டும்.
சுவர் நீளும், இளகும்,
இரண்டு வீடும் ஒன்றாகும்.
கேடு வந்தால் தன்னை மாய்த்து
ஊரைக் காக்கத் தெரிந்த கலம்தான்.
அந்த நினைப்பு வர
அது நேரம் விடாது.

இருபத்திரண்டு வருஷம் அருமைத்துரை
தம்பி நவத்தாரோடு சாவகச்சேரிக் கோட்டில்.
மாரிக்கு ஒரு சாணாய்
கதியால் அரக்கினது ஆர் என்று வழக்கு.

நேற்று அந்தத் தம்பி ஆய்வுகூட வாசலில்,
கையில் இரண்டு செவ்விளநீர்.
"அண்ணைக்கு என்ன வருத்தம், பிள்ளை?"

வேலியில்லாத வருத்தம் என்று
வாய்வரை வந்தது.
பற்றீரியா என்றேன்.
இரண்டு கிழமை ஊசி,
பிறகு மாதக்கணக்கில் குளிசை.

"செவ்வாய்க்கிழமை தவணை," என்றார்.
இளநீரை மற்றக் கைக்கு மாற்றினார்.
"அவர் வராட்டில்
நான் ஆரோடை வழக்காடுறது?"