குறுக்கே யாரும் வரவில்லை

“நிறம் பார்க்கும் கூம்புகள் பத்திரம்.
இருட்டில் பார்க்கும் குச்சிகள்தான்
கொட்டிப்போயிருக்கின்றன.
வயசு, வேறொன்றுமில்லை” என்றார்
பைகுல்லா ரயில்வே ஆஸ்பத்திரியில்
டாக்டர் பெட்ணேகர்,
சில்லறை எண்ணித் தருகிறவர் போல.

நிஜம்தான்.
குர்லா சிக்னல் இன்றைக்கும்
பழுத்த மிளகாயாய்த் தெரிகிறது எனக்கு.

சிக்னலுக்கும் சிக்னலுக்கும் நடுவேதான்
முன்பெல்லாம் ஆட்கள்:
பாட்டில் தண்ணீரோடு குந்தியவன்,
தண்டவாளம் தாண்டும் மீன்கூடை,
போனில் சிரித்துக்கொண்டே ஒரு பையன்,
நாய்.

இப்போது அங்கே இருட்டு மட்டும்,
கழுவிவிட்ட தரைபோல.

சுவர் கட்டிவிட்டார்கள், ஜனம் திருந்திவிட்டது என்று
இரண்டு வருஷமாய்
நிம்மதியாக வண்டி ஓட்டினேன்.

ஹாரன் அடிப்பதைக்கூடக்
குறைத்திருந்தேன்.