தரையிலிருந்து ஒரு முழம்

சாவகச்சேரி மிருக வைத்தியர்
மருந்துத் துண்டின் பின்பக்கம் எழுதித் தந்தார்:
வெங்காயம். உள்ளி. முந்திரிகைப் பழம். பிளம்ஸ்.
சொக்லேட். சமைத்த கோழி எலும்பு.
"எலிமருந்து நான் சொல்லத் தேவையில்லை" என்றவர்
கடைசியில் அதையும் எழுதினார்.

இரண்டு நாள் சத்தியெடுத்த களைப்பில்
ஊமல் அவருடைய மேசைக்குக் கீழே
பெயருக்கேற்ற நிறத்தில் கிடந்தது.

இந்த மண் பெருமையாய் விளைவிக்கும் இரண்டும்,
வெங்காயமும் முந்திரிகையும்,
நாய்க்கு நஞ்சாம்.
தோட்டக்காரர் கேள்விப்பட்டால்
நாயில்தான் பிழை என்பார்கள்.

எனக்கு இந்த வேலை தெரியும்.
காலை ஆறரைக்கு முகமாலையில்
முழங்காலில் நிற்பேன்.
ஒரு மீற்றர் அகலம், நான் போகிற பாதை.
முகத்துக்கு முன்னால் கண்ணாடி,
அதற்கு முன்னால் முள்வாரி,
அதற்கு முன்னால்
இன்னும் எவரும் தொடாத மண்.
பாய் விரிக்கிற அளவு நிலம் முடிந்தால்
அது நல்ல நாள்.
ஆணி வரும். தகரம் வரும். பால்மா டின் மூடி வரும்.
ஒருநாள் திருவலையின் நாக்கு மட்டும் வந்தது.
அந்த இடத்தில்
ஆருடையதோ குசினி இருந்திருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, சட்டை மாற்றி,
என் குசினி வாசலில் முழந்தாளிட்டேன்.
தரையிலிருந்து ஒரு முழம்:
ஊமலின் கண் இருக்கும் உயரம்.

அங்கிருந்து பார்த்தால் இது என் குசினி இல்லை.
தாச்சியின் கைபிடி அடுப்புக்கு வெளியே நீட்டி நிற்கிறது,
"வா, இழு" என்று.
வெங்காயப் பிடி கட்டின கயிற்றின் அவிழ்ந்த முனை
சரியாய் மூக்கில் முட்டுகிறது.
நீல மருந்துப் போத்தலின் மூடி அரைச் சுற்றில்.
பிறிட்ஜுக்கு அடியில், நத்தார்க் கேக்குக்கு வாங்கி உருண்ட
பிளம்ஸ் ஒன்று, எறும்பும் தீண்டாமல்.
அரிசி மூட்டைக்குப் பின்னால்
நிக்சன் வைத்த எலிமருந்து,
றோசா நிறத்தில், மிட்டாய் மாதிரி.

"நாய்தானே, நாலு தரத்தில பழகிடும்" என்றான் நிக்சன்,
பேப்பரை இறக்காமல்.
"இதில பழகிறதெண்டால் முதல்ல ஒருக்காச் சாகவேணும்."
பேப்பர் இறங்கியது.

வேலைத்தலத்தில் சிவப்புத் தலைக் கட்டைகள் நடுவோம்.
இங்கே மகள் ஷறோமியின் நகப்பூச்சு எடுத்து
கூடாத போத்தல்கள் எல்லாவற்றிலும்
ஒவ்வொரு புள்ளி வைத்தேன்.
"நாய்க்குச் சிவப்புத் தெரியாதம்மா,
நகப்பூச்சுத்தான் வீண்."
தெரியும். அது எனக்கு.

கயிற்றை முகட்டுக்கு ஏற்றினேன்.
குப்பை வாளிக்கு மூடி, மூடிக்கு மேல் அம்மிக் குழவி.
எலிமருந்தைக் கையுறை போட்டு எடுத்தேன்;
எலிகள் ஒரு மாதம் பிழைத்துப் போகட்டும்.
சொதிக்கு மட்டும் வழி தெரியவில்லை.
வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் வைத்துப் பார்த்தேன்.
ஷறோமி ஒரு வாய் குடித்துவிட்டு
"ஆருக்கும் காய்ச்சலோ?" என்றாள்.

பின்னேரம் ஆணி அடிக்கும் சத்தம்.
நிக்சன் ஒன்றும் பேசாமல்
பழைய கட்டிலின் பக்கப் பலகையை
குசினி வாசலுக்குக் குறுக்கே அறைந்துகொண்டிருந்தான்.
ஊமலின் நெஞ்சுயரம்.
இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தான்.
எனக்குச் சொல்லவேண்டும் என்று
அவனுக்குத் தோன்றவில்லை.

கறன்ற் போன நேரம்
சொதிச் சட்டியோடு வெளியே வந்தேன்.

பதிவேட்டில் எழுதுவதென்றால் இப்படி:
இடம், குசினி வாசல்.
காயம், இடது முழங்காலுக்குக் கீழே, சிராய்ப்பு.
காரணம், பாதுகாப்பு ஏற்பாடு.
ஒன்பது வருசம் முகமாலையில்
ஒரு கீறல் இல்லாத கால்.

ஊமல் அந்தப் பக்கம் நின்று
மஞ்சளாய்ச் சொதி தன்னிடம் ஓடிவருவதைப் பார்த்தது.
மூக்கை நீட்டியது. என்னைப் பார்த்தது.
வெங்காயம் போடாத சொதி.

"கொஞ்சம் ஆறட்டும்" என்று
விழுந்த இடத்திலிருந்தே
கையை நீட்டி மறித்தேன்.