அழுகிறவள் இல்லாத கூடை

காசாய் ஆற்றைக் கடந்த இரவில்
ஓடம் ஒருமுறை சாய்ந்தது.
கோழி பிழைத்தது. உப்பு கரைந்தது.
குறிக்கூடையை மார்போடு அணைத்திருந்தேன்.
அக்கரையில், விடிந்த பிறகு எண்ணினேன்:
முழங்காலில் முழங்கை ஊன்றிக் குந்தியிருக்கும் மூதாதை இருந்தார்,
நண்டின் ஓடு, சேவல் நகம்,
நகத்தளவு ஓடம், நகத்தளவு முரசு,
முதுகோடு முதுகு ஒட்டிய தம்பதி.
கட்வாம்பிம்பி இல்லை.

இரு கைகளையும் தலைமேல் வைத்தபடி
சாவுச்செய்திக்கு முன்னால் வந்து அழுகிறவள் அவள்.
சுண்டுவிரல் நீளம். வாய் திறந்திருக்கும்.
அவள் விளிம்புவரை ஏறி வந்துவிட்டால்
கேட்க வந்தவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

பதினோரு ஆண்டுகள்
கண்ணோரம் வெள்ளைக் களிமண் பூசிக்கொண்டு
அவள் இல்லாமலே குலுக்கினேன்.
முகாமின் தகரக் கூரைகளுக்குக் கீழே
பெண்கள் கேட்டார்கள்: இருக்கிறானா?
ஓடம் மேலே வரும். எங்கோ போய்க்கொண்டிருக்கிறான்.
முரசு வரும். ஆட்களோடு இருக்கிறான்.
பொய் சொல்லவில்லை நான்.
கூடையில் இல்லாததைக் கூடை எப்படிச் சொல்லும்?

பெயர் பரவியது.
சாமுஜிங்காவின் வாக்கு நல்வாக்கு என்று
மூன்று நாள் நடந்து வந்தார்கள்.
ஆடு தந்தார்கள். தின்றேன்.
செலெஸ்தினா என்றொருத்தி
என் ஓடத்தை நம்பி இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பினாள்.
அவள் தந்த ஆடு நல்ல கொழுப்பு.

நாச்சிலோம்போ வெறுங்கையோடு வந்தாள்.
வைரத்துக்குச் சரளை சலிக்கப் போன காஹிலுவை
இரண்டு மழைக்காலமாகக் காணோம்.
குலுக்கினேன். ஓடம் வந்தது.
அவள் ஓடத்தைப் பார்க்கவில்லை.
பட்டியில் குட்டிகளை எண்ணுகிறவள்போலக் குனிந்து
கூடைக்குள் பார்த்தாள்.
"அழுகிறவள் எங்கே?"

அதுவரை யாரும் கேட்டதில்லை.
என்மேல் இறங்கும் ஹாம்பாவும்
அன்று வாய் திறக்கவில்லை.

சாப்பிஞ்சி நாற்காலிக் கால்கள் செதுக்குகிறவன்.
விரல் நீள மரத்துண்டை உள்ளங்கையில் உருட்டியபடி
அவளிடம் சொன்னான்: கைகளைத் தலையில் வைத்து நில்.
"மாட்டேன்.
யாருக்கு என்று தெரியாமல்
அந்தக் கையை நான் வைக்க மாட்டேன்."

மறுநாள்
ஊறவைத்த மரவள்ளிக் கிழங்கை
அலுமினியத் தாம்பாளத்தில் சுமந்துகொண்டு
ஆற்றிலிருந்து மேடேறி வந்தாள்,
இரு கைகளாலும் பிடித்தபடி, மூச்சுக்கு வாய் திறந்து.
சாப்பிஞ்சி சின்ன வாச்சியை எடுத்தான்.
பாரத்தை மட்டும் செதுக்காமல் விட்டான்.

சேவலின் குருதி தொட்டுப் புதியவளை எழுப்பினோம்.
வெள்ளை மண் ஒரு கன்னத்தில், செம்மண் ஒரு கன்னத்தில்.
உள்ளே இறக்கியபோது
மற்றவர்கள் நெருக்கிக்கொண்டு இடம்விட்டதுபோல் ஒரு சத்தம்.

குலுக்கினேன்.
அடியிலேயே கிடந்தாள்.
குலுக்கினேன்.
மூதாதையின் பக்கத்தில் சாய்ந்து, முகம் கவிழ்த்து.
மூன்றாம் முறை,
நான் பார்ப்பதற்கு முன்
நாச்சிலோம்போ பார்த்துவிட்டாள்.

எதுவும் சொல்லவில்லை.
தாம்பாளத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள்.
அதில் கிழங்கு இருந்ததா, காலியா, கவனிக்கவில்லை.
கைகள் இரண்டையும் உயர்த்திப் பிடித்தபடி
கூரைகளுக்கிடையே நடந்து போனாள்.
பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு
இரண்டும் ஒரே மாதிரிதான்.

விளிம்பில் இருந்தவளை நான் உள்ளே தள்ளவில்லை.
இரவெல்லாம் அப்படியே இருந்தாள்.
சோறு வைக்கும்போது
இன்னும் ஒரு தட்டு கூடுதலாக எடுக்கும் பெண்கள்
ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.
சாப்பிஞ்சியிடம் சைக்கிள் கேட்டிருக்கிறேன்.
செலெஸ்தினாவின் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்.
கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு போக வேண்டும்,
குலுங்காமல்.