முப்பத்தாறாம் பல்

எக்ஸ்ரேயில் அது பல்லுப் போலவே இல்லை.
சம்மணம் கொட்டத் தெரியாத ஒருவர்
காலை மடக்கப் பார்த்துப்
பாதியில் விட்டது மாதிரி இருந்தது.

முப்பத்தாறு என்றார் டாக்டர் ஏஷ்பாகர்.
என் வயதைக் குறைத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன்.
பல்லுக்கு இலக்கமாம்.

வியாழன் இரவு வலி தானாக நின்றது.
வெள்ளி முழுக்க நான் ஒரு பணக்காரி,
இரண்டு பக்கத்தாலும் முறுக்குத் தின்றேன்.
நரம்பு செத்ததால்தான் நின்றது என்று
திங்கட்கிழமை சொன்னார்கள்.

ஒரு தாள், நடுவில் கோடு.
பிடுங்கினால் இருநூற்று எண்பது பிராங்.
வேரைத் துப்புரவாக்கி மேலே மூடி போட்டால்
மூவாயிரத்து நூறு.
இன்சூரன்ஸ் முழங்காலுக்குக் கட்டும்,
ஈரலுக்குக் கட்டும்.
பல்லு மட்டும் இந்த நாட்டில்
உடம்பில் சேர்த்தி இல்லை.

"பிடுங்கி எறி, மிச்சம் கிடக்குத்தானே" என்றார் கருணைநாதன்.
சாப்பிட்டுக் கைகழுவி வந்து
"ஹங்கேரியில அரைவிலையாம், பஸ் போகுதாம்" என்றார்.
தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கவிஞர் ஒருவர்
வேர் என்ற சொல் காதில் விழுந்ததும்
போனிலேயே குரலைத் தாழ்த்தி
மண், பிரிவு என்று தொடங்கினார்.
அண்ணை, இது பல்லு
என்று வைத்துவிட்டேன்.

பூர்க்டோர்ப் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பதினாறு வருடமாக
கிழிந்த விரிப்புகளைப் பிரிப்பது என் வேலை.
வெளிச்சத்தில் ஒருதரம் பிடிப்பேன்.
இது தையலுக்கு. இது துடைப்புத் துணிக்கு.
இரண்டு விநாடி கூட இல்லை.
முப்பத்தாறோடு மூன்று கிழமை இழுபட்டேன்.

ஷ்பிரேசா மடிப்பு மேசைக்கு எதிரே நின்று
விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினாள்.
மூன்று ஓட்டை.
நன்றாகத்தான் சாப்பிடுகிறேன் என்றாள்,
ஆப்பிளைக் கத்தியால் சீவிச் சீவி.

மிதுஷாவின் பல்லை நேராக்க
ஒன்பதாயிரத்து நானூறு கட்டினோம்.
அந்தத் தாளிலும் கோடு இருந்திருக்கும்.
நான் பார்க்கவில்லை,
கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் கேட்டேன்.

அந்த நேரான பற்களோடுதான்
கடைசிச் சந்திப்பில் என் பக்கத்தில் இருந்து
டாக்டர் சொல்வதைத் தமிழாக்கினாள்.
சீழ் என்றாள். எலும்பு என்றாள். ஆறு தவணை என்றாள்.
ஒரு சொல்லில் நின்றுவிட்டாள்.

எர்ஹால்டுங்ஸ்வூர்டிக்.

என்ன அது?
"அது வந்து... வச்சிருக்கலாம்.
இல்லை, வச்சிருக்க வேணும்.
இல்லை அம்மா,
காப்பாத்துறதுக்குத் தகுதி... பெறுமதி...
மரியாதை மாதிரி ஒரு சொல் உள்ளுக்க இருக்கு."
டாக்டர் காத்திருந்தார்.
திரையில் என் பல்லு
காலை அரைகுறையாய் மடித்துக்கொண்டு
அதுவும் காத்திருந்தது.

இது எல்லாருடைய பல்லுக்கும் சொல்கிற சொல்தானா
என்று கேட்கச் சொன்னேன்.
மிதுஷா கேட்கவில்லை.
பேனையை எடுத்து என் கையில் தந்தாள்.

முதல் அமர்வு காலை எட்டரைக்கு.
வாய்க்குள் பச்சை ரப்பர் விரித்து
முப்பத்தாறை மட்டும் வெளியே நிறுத்தினார்கள்.
மயிரளவு ஊசிகள், ஒன்றின்பின் ஒன்று.
வலிக்கவில்லை.
பல்லு வெந்த மணம் வந்தது.
இனி அதற்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது,
கடிக்க மட்டும் கடிக்கும் என்றார் டாக்டர்.
எனக்கு அது போதும்.

பின்னேர வேலைக்கு வந்தபோது
கீழுதட்டில் பாதி என்னுடையதாக இல்லை.
தேத்தண்ணி வழிந்து சீருடையில் கொட்டியது.
முதல் வண்டியில் ஒரு நீலக்கரை விரிப்பு,
நடுவில் ஒரு சாண் கிழிசல்.
வெளிச்சத்தில் பிடித்தேன்.
துணிக்குத்தான் போடவேணும்,
கை அந்தப் பக்கம் போயும் விட்டது.

எர்ஹால்டுங்ஸ்வூர்டிக் என்றேன்,
எச்சில் தெறிக்க, பாதி எழுத்து விழ.
தையல் கூடைக்குள் எறிந்தேன்.
ஷ்பிரேசா என் கோணல் வாயைப் பார்த்துச் சிரித்தாள்,
மூன்று ஓட்டையும் தெரிய.